ஒரு துளி இரத்தம் சிந்தாத வழியாம்

அந்தக் காணொளியை நான் மறுபடியும் இங்கே பகிரப் போவதில்லை. இரண்டு நாட்களாக எல்லோருடைய பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. அணுத் திட்டத்துக்காக ஈரான் மீது விதிக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் தடைகள் 2025 செப்டெம்பரில் மீண்டும் நடைமுறைக்கு வந்ததைப் பற்றிப் பேசிய அந்தப் பெரியவர், ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் ஒரு நாட்டை வழிக்குக் கொண்டுவர இதுவே சிறந்த முறை, இறுக்கமாக அமல்படுத்தினால் போதும் என்று புன்னகையோடு முடித்தார். அதற்கு இதயக்குறி இட்டவர்களில் என் நெருங்கிய நண்பர்கள் மூவர் இருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அமல்படுத்தினால் போதுமாம். யார் அமல்படுத்துவது? நியூயோர்க்கில் கையுயர்த்தி வாக்களிப்பவர்களா? அவர்கள் விதிப்பதோடு சரி. அமல்படுத்துவது, தன் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கும் வங்கி அலுவலரும் காப்புறுதி முகவரும் கப்பல் நிறுவன எழுதுவினைஞருமே. பயந்தவர் கையில் கொடுத்த சட்டம், தடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, தடுக்கச் சுலபமானதைத் தடுக்கிறது. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

2012 மார்ச்சில் ஈரானிய வங்கிகள், நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் என்ற செய்தி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டபோது, நான் கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருந்தேன். தேயிலை தடைசெய்யப்பட்ட பொருள் அல்ல. ஆனாலும் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தின் பெயர் இருந்த ஆவணங்களை வங்கி திருப்பி அனுப்பியது. தெஹ்ரானில் இருந்த எங்கள் கொள்வனவாளர் டுபாயிலுள்ள நாணய மாற்று நிலையம் ஒன்றின் வழியாகத் திர்ஹாமில் பணம் அனுப்புவார். கை மாறும் இடமெல்லாம் தரகு கழியும். சில வேளைகளில் வந்து சேர இரண்டு மாதமாகும். அதையாவது விடுங்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்குப் போக வேண்டிய ஒரு சரக்கின் ஆவணங்கள் பதினொரு நாட்கள் முடங்கிக் கிடந்தன. காரணம், சரக்குப் பட்டியலில் தேயிலைக் கலவையின் பெயர் 'பெர்சியன் பிளெண்ட்' என்று இருந்தது. பெர்சியன் என்பது இங்கே சுவைக்கு வைத்த பெயர், சேருமிடம் அல்ல என்று நானே ஒரு விளக்கக் கடிதம் தட்டச்சு செய்து, பணிப்பாளரின் கையொப்பமும் நிறுவன முத்திரையும் வாங்கி அனுப்பினேன். அந்தப் பதினொரு நாட்களில் யுரேனியத்தைச் செறிவூட்டும் ஈரானின் எந்த மையவிலக்குப் பொறி நின்றது என்று யாராவது சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அந்த வங்கி அலுவலரை நான் குறைசொல்லவில்லை. ஈரான், சூடான், கியூபா சம்பந்தப்பட்ட பணப் பரிமாற்றங்களுக்காக 2014 இல் பிரான்சின் பி.என்.பி. பரிபா வங்கி அமெரிக்காவுக்கு அபராதமாகக் கட்ட ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 890 கோடி டொலர். அதைப் பார்த்த பிறகு, சில ஆயிரம் டொலர் தேயிலைக்காக எந்த முகாமையாளர் தன் தலையைக் கொடுப்பார்?

உணவுக்கும் மருந்துக்கும் விதிவிலக்கு இருக்கிறதே என்று எழுத விரலைத் தீட்டிக்கொண்டிருப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். இருக்கிறது, காகிதத்தில். தொட்டாலே தோல் கொப்புளித்து உரிந்துபோகும் நோயுடைய ஈரானியக் குழந்தைகளுக்கான விசேட கட்டுத்துணிகள், விதிவிலக்கு இருந்தும், அமெரிக்கா தன் தடைகளைத் திரும்ப விதித்த 2018 க்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வராமல் நின்றன. விதிவிலக்கை உண்மையாக்குவதற்கென்றே பிரித்தானியாவும் பிரான்சும் ஜெர்மனியும் 2019 இல் இன்ஸ்டெக்ஸ் என்ற தனி அமைப்பை உருவாக்கின. மூன்று பெரும் அரசுகள் சேர்ந்து தொடங்கிய அந்த அமைப்பு 2023 இல் மூடப்படும்வரை நிறைவேற்றிய பரிமாற்றம் ஒன்றே ஒன்று. விதிவிலக்கைப் பற்றி இனியும் எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

ஈரானின் எண்ணெய் மட்டும் எப்படியோ போய்ச் சேருகிறது. கப்பல் தன் இருப்பிடக் கருவியை அணைத்துவிடும். பெயரை அழித்து வேறு பெயர் தீட்டிக்கொள்ளும். மலேசியக் கடற்பரப்புக்கு அருகே இன்னொரு கப்பலுக்குச் சரக்கை மாற்றிவிடும். வாங்குவோரில் பெரும்பாலானோர் சீனாவின் ஷான்டொங் மாகாணத்திலுள்ள சிறு சுத்திகரிப்பு நிலையங்கள். அவற்றுக்கு எண்ணெய் வணிகத்தில் 'டீபொட்' என்று பெயர். தேயிலை விற்றவள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, டீபொட் நிரம்பிக்கொண்டிருக்கிறது. நல்ல அமலாக்கம்.

அப்படியானால் அணுகுண்டு செய்யட்டும் என்கிறாயா? இல்லை. 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியத்தை 440 கிலோகிராமுக்கு மேல் சேர்த்து வைப்பது மின்சாரத்துக்கு என்று நம்பும் அளவுக்கு நான் பேதை அல்ல. ஆனால் வல்லரசுகளோடு ஈரான் செய்த 2015 அணு உடன்படிக்கையின்படி செறிவு 3.67 சதவீதம், கையிருப்பு 300 கிலோகிராம் என்ற எல்லைக்குள் ஈரான் இருக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் அறிக்கை தந்துகொண்டிருந்தபோதுதான், 2018 மே மாதம் அமெரிக்கா அதிலிருந்து வெளியேறித் தடைகளைத் திரும்ப விதித்தது. 60 சதவீதச் செறிவூட்டல் தொடங்கியது 2021 இல், அதாவது தடை உச்சத்தில் இருந்த காலத்தில். தடைகள்தானே ஈரானை 2015 இல் மேசைக்குக் கொண்டுவந்தன என்று கேட்பீர்கள். இருக்கலாம். மேசைக்கு வந்து கையெழுத்திட்டவர்களுக்குக் கிடைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஈரானிய அரசின் ஆள் என்று என்னைச் சொன்னவருக்குப் பதில் எழுத மனமில்லை. 2022 இல் ஈரானிய இளம்பெண் மாஷா அமீனி காவலில் இருந்தபோது இறந்ததைப் பற்றி நான் எழுதியதற்கு, இதே பக்கத்தில் மேற்குலகின் ஆள் என்று திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரே மனுஷி எத்தனை பேருக்குத்தான் ஆளாக இருப்பது?

நம் நாட்டுக் கதையையும் மறந்துவிட்டோம். 1969 முதல் இயங்கும் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்குத் தோதாகக் கட்டப்பட்டது. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 71 ரூபாயிலிருந்து 106 ரூபாயானது. சிலாபத்தில் ஆர்ப்பாட்டம் செய்த மீனவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விலையேற்றத்துக்குத் தடை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்; சுட்டது ஈரானோ அமெரிக்காவோ அல்ல என்பதும் தெரியும். ஆனால் ஒரு துளி இரத்தமும் சிந்தாது என்று யாராவது சொல்லும்போது எனக்குச் சிலாபம்தான் ஞாபகம் வருகிறது.

அதுமட்டுமல்ல. வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய 25 கோடியே 10 இலட்சம் டொலரை அனுப்ப வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் 2021 இல் அதைத் தேயிலையாகத் தீர்ப்பதாக இலங்கை ஒப்பந்தம் செய்தது. தேயிலை உணவுப் பொருள், தடைப்பட்டியலில் உள்ள வங்கிகள் எதுவும் சம்பந்தப்படவில்லை, ஆகவே விதிமீறல் இல்லை என்று அரசு விளக்கமும் கொடுத்தது. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் ஹாம்பர்க் கடிதத்தின் சாயல் அப்படியே இருந்தது. ஈரானியர் விரும்புவது பெரும்பாலும் இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்து நீண்ட இலைத் தேயிலையை. என் அம்மா கொழுந்து பறித்த நுவரெலியாவின் மெல்லிய சாயத்தை அவர்கள் அவ்வளவாகத் தேடுவதில்லை. ஆகவே இதில் எனக்குச் சொந்த இலாபம் ஏதும் இருப்பதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டாம்.

இதயக்குறி இட்ட மூவரில் ஒருவர் அந்தக் கடிதத்தை அன்று வங்கிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர். மழையில் நனைந்து திரும்பி வந்து, இந்த மடையர்களுக்குத் தேயிலைக்கும் யுரேனியத்துக்கும் வித்தியாசம் தெரியாதா என்று திட்டியவரும் அவர்தான்.