ஒரே ஒரு தப்பான திருப்பம்

விமானம் தரையில் உருண்டு போகும்போதும் ஆபத்து உண்டு என்று சொல்வது முழுக்க உண்மை. 2001 அக்டோபர் 8, இத்தாலியில் மிலான் நகரின் லினாட்டே விமான நிலையம். கடும் பனிமூட்டம். ஒரு சின்ன செஸ்னா விமானம், உருண்டு போவதற்கான ஆர்5 என்ற பாதைக்குப் பதில் ஆர்6 என்ற பாதையில் திரும்பி ஓடுபாதைக்குள்ளேயே போய்விட்டது. கிளம்பி வேகமெடுத்த பெரிய விமானம் அதில் மோதியது. 118 உயிர்கள்! தரையில் எந்த விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ரேடார் இல்லை, வழிகாட்டிப் பலகைகளும் சரியில்லை.

நான் ஓமலூர்க்காரன். மார்கழிக் காலையில் சேர்வராயன் மலையே பனியில் மறைந்துபோகும். காமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலையத்துக்கு இன்னும் அதிக விமானங்கள் வேண்டும் என்று கேட்கிற நாம் பலகை, விளக்கு, தரையில் வழிகாட்டும் மஞ்சள் கோடு பற்றியும் கேட்க வேண்டும்.

போன தடவை அங்கே ஏடிஆர் என்ற ப்ரொப்பல்லர் விமானம் வந்து நின்றபோது, ப்ரொப்பல்லர் சுற்றி அடங்கும்வரை ஓர் ஊழியர் கையை விரித்து எங்களைத் தடுத்தே வைத்திருந்தார். சிலர் முணுமுணுத்தார்கள். அவர் நகரவே இல்லை. அவருக்கு என் வணக்கம்.