நிலத்தை இழந்த கிராமத்தார் எதிர்த்த அணை

சென்ற மாதம் ஒரு மாணவி என்னிடம் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் காட்டி, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் தனக்குப் பொருள் தெரியும் என்றும், வாக்கியம் என்ன சொல்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை என்றும் சொன்னாள். அவள் சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலிருந்து சிங்கப்பூருக்குப் படிக்க வந்தவள். ஆங்கிலத் திறனை அளக்கும் ஐயெல்ட்ஸ் தேர்வுக்குத் தயாராகிறாள். சீன மொழி பேசும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக ஆங்கிலத் துணைப்பாடம் நடத்திவரும் எனக்கு, அவள் தன் சிக்கலைத் தானே சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள் என்று தோன்றியது. இந்தப் பிள்ளைகளைத் தேர்வுப் பத்தியில் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் சொற்கள் நிற்கும் வரிசைதான்.

அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: 'வெள்ளத்தில் நிலத்தை இழந்த கிராமத்தார் எதிர்த்த அணை கடைசிவரை கட்டப்படவில்லை.' நமக்கு இதில் எந்தத் தடங்கலும் இல்லை. ஆங்கிலத்திலோ அணை முதலில் வந்து நின்றுவிடும். பிறகு கிராமத்தார் வருவர். அவர்கள் வெள்ளத்தில் நிலத்தை இழந்த செய்தி வரும். அதன்பின் எதிர்த்தார்கள் என்ற வினை வரும். கட்டப்படவில்லை என்ற முதன்மை வினை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். அணைக்கும் அதன் வினைக்கும் இடையில் 12 சொற்கள். வெள்ளத்தில் அணை உடைந்துபோனது, கிராமத்தார் அதைத் திரும்பக் கட்டவில்லை என்று என் மாணவி புரிந்துகொண்டிருந்தாள்.

சீனத்தில் இந்தச் செய்தி ஏறக்குறைய நம் வரிசையிலேயே வரும். 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனர்கள் 'வோ சுவோதியென் மாய் த ஷூ' என்பார்கள். வோ என்றால் நான், சுவோதியென் என்றால் நேற்று, மாய் என்றால் வாங்கு, ஷூ என்றால் புத்தகம். இடையில் நிற்கும் 'த' என்ற இடைச்சொல், 'வாங்கிய' என்ற பெயரெச்சத்தின் ஈற்றிலுள்ள அகரம் நமக்குச் செய்யும் வேலையைச் செய்கிறது. முதன்முதலில் இதை அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஆனால் சீனம் எல்லாவற்றிலும் தமிழைப் போன்றதன்று. வினைக்குப் பின் செயப்படுபொருளை வைப்பதில் அது ஆங்கிலத்தோடு சேர்கிறது. அப்படி வைக்கும் மொழிகள் பெயரை விளக்கும் தொடரையும் பெயருக்குப் பின்னால் வைப்பதே பெருவழக்கு. சீனம் அதற்கு மிக அரிய விலக்கு. ஆகவே சிறிய ஆங்கில வாக்கியங்கள் சீனப் பிள்ளைக்குத் தன் மொழி போலவே தோன்றி நம்பிக்கை ஊட்டுகின்றன. தேர்வுப் பத்தியின் நீண்ட வாக்கியம் வந்ததும் அந்த நம்பிக்கை காலை வாரிவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் முதல் நாளிலிருந்தே தலைகீழ். சீனப் பிள்ளைக்கு அது பாதி வழியில் தலைகீழாகிறது.

இதைக் கவனிக்காமல் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதே எங்கும் நடக்கிறது. பட்டியல் அகரவரிசையில் இருப்பதால் 'அபாண்டன்' என்ற சொல் முன்பக்கத்திலேயே வரும். 'கைவிடு' என்று பொருள்படும் அந்தச் சொல்லோடு படிப்பையே கைவிட்டோம் என்பது சீன மாணவர்களிடையே புழங்கும் பேச்சு. காவ்காவ் எனப்படும் சீனப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். பல மாகாணங்கள் பயன்படுத்தும் இன்றைய தேசிய வினாத்தாளில் அதில் 50 வாசிப்புக்கே போகிறது. ஐயெல்ட்ஸிலோ 60 நிமிடங்களில் மூன்று பத்திகள், 40 கேள்விகள். இந்த அவசரத்தில், கேள்வியிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அது கிடைத்த வரியை மட்டும் படித்து விடை எழுதும் தந்திரம் நல்ல வழியாகத் தெரிகிறது. அது தந்திரம் மட்டுமே. என் மாணவி அணை என்ற சொல்லையும் கண்டுபிடித்தாள், வெள்ளம் என்ற சொல்லையும் கண்டுபிடித்தாள், விடை தவறியது.

நான் செய்வது எளிய காரியம். முதலில் முதன்மை வினையைக் கண்டுபிடித்து, அதற்கு உரிய எழுவாயோடு ஒரு கோட்டால் இணைக்கச் சொல்வேன். மிஞ்சிய பகுதி எந்தப் பெயரை விளக்குகிறது என்று கேட்பேன். கடைசியாக, அந்த வாக்கியம் முழுவதையும் சீனத்தில் வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். வகுப்பில் சீனம் பேசக் கூடாது என்று விதிக்கும் துணைப்பாட நிலையம் ஒன்றில் சில காலம் வேலை செய்திருக்கிறேன். அந்த விதி பிள்ளைகளின் கையிலிருந்த ஒரே விளக்கையும் அணைத்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

1981-இல் ஆல்ஃபிரட் புளூம் என்ற அமெரிக்க ஆய்வாளர், 'இப்படி நடந்திருந்தால் அப்படி ஆகியிருக்கும்' என்று நடவாததைச் சுட்டுவதற்குத் தனி வினைவடிவம் சீனத்தில் இல்லாததால், அத்தகைய வாதங்களைத் தொடர்வதில் சீனர்கள் ஆங்கிலம் பேசுவோரைவிடத் தடுமாறுகிறார்கள் என்று வாதிட்டார். 1983-இல் டெரி கிட்-ஃபாங் ஆவ் அதை மறுத்தார். இயல்பான சீனத்தில் கதையை எழுதிக் கொடுத்தபோது ஹாங்காங் மாணவர்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டதை அவர் காட்டினார். பிள்ளைகளின் அறிவில் குறை தேடும் ஆசிரியர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

வேறு சில இடர்களும் உண்டு. சீன வினைகள் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. அதனால் 'ஒரு காலத்தில் அப்படி நம்பப்பட்டது' என்ற ஆங்கில வரியில், இன்று அந்த நம்பிக்கை இல்லை என்ற குறிப்பு பிள்ளைகளின் கண்ணில் படாமலே போகிறது. சீனத்தில் மின் மூளை என்றால் கணினி, நெருப்பு வண்டி என்றால் ரயில். உறுப்புகளைக் கொண்டே சொல்லின் பொருளை ஊகித்துப் பழகியவர்கள் அறியாத ஆங்கிலச் சொல்லின் முன் சுவரில் முட்டியது போல நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு முன்னொட்டையும் பின்னொட்டையும் பிரித்துக் காட்டினால் பழைய பழக்கம் மீண்டும் கைகொடுக்கிறது.

எனக்குச் சீனம் சரளமாக வராது. ஆயினும் அணை வாக்கியத்தை அந்த மாணவி சீனத்தில் சொல்லிக் காட்டியபோது, இரண்டு 'த' எங்கெங்கே விழுந்தன என்பதைக் கேட்டே, அவளுக்கு வாக்கியம் விளங்கிவிட்டது என்று கண்டுகொண்டேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழரான ஆசிரியர்கள் உண்டு. பள்ளியில் பெயரெச்சம் படித்தவர்கள்தானே நாம்; அந்த இரண்டு 'த' நம் காதுக்கு எளிதில் பழகிவிடும்.