ஸ்பானியத் திருப்பலி வைத்தால் கடமை முடிந்துவிடுமா?

அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இன்று லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள். இருந்தும், பல பங்குகளில், அதாவது வட்டாரக் கோயில் சமூகங்களில், அவர்களுக்கான பணி, மற்றத் திருப்பலி வழிபாடுகள் எல்லாம் முடிந்தபின் ஞாயிறு மதியம் ஸ்பானிய மொழியில் ஒரு திருப்பலி என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அந்தத் திருப்பலி வேண்டாம் என்பதல்ல என் வாதம். அதை ஏற்பாடு செய்ததோடு பங்கின் பொறுப்பு தீர்ந்தது என்ற எண்ணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் போக்கு பழையது. ஜெர்மானியரும் போலந்துக்காரரும் இத்தாலியரும் நியூயார்க்கில் குடியேறியபோது தங்கள் மொழிக்கென்று தனிப் பங்குகளைப் பெற்றார்கள். புவேர்த்தோ ரிக்கோ மக்கள் பெருந்திரளாக வந்து சேர்ந்த காலத்திலோ, நியூயார்க் பேராயர் ஸ்பெல்மனின் மறைமாவட்டம் தனிப் பங்குகள் வேண்டாம், எல்லோரும் ஒரே பங்கில் இணையட்டும் என்று முடிவு செய்திருந்தது. கேட்பதற்கு நல்ல கொள்கைதான். ஆனால் நடைமுறையில் பல இடங்களில் ஆங்கிலத் திருப்பலி மேலே கோயிலிலும், ஸ்பானியத் திருப்பலி கீழே நிலவறையிலும் நடந்தது.

மாற்றம் வராமலும் இல்லை. விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த பத்ரிசியோ ஃப்ளோரெஸ் 1970இல் சான் அந்தோனியோவின் துணை ஆயரானார். மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர் ஒருவர் அமெரிக்காவில் ஆயரானது அதுவே முதல் முறை. 1972இல் லத்தீன் வழிக் கத்தோலிக்கரின் ‘என்குவென்ட்ரோ’ என்னும் தேசிய அளவிலான சந்திப்பு தொடங்கியது. அதன் ஐந்தாவது கூட்டத்திற்கு 2018இல் டெக்சஸின் கிரேப்வைனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். 2023இல் அமெரிக்க ஆயர் பேரவை இம்மக்களுக்கான பத்தாண்டு மேய்ப்புப்பணித் திட்டம் ஒன்றையும் நிறைவேற்றியது. திட்டத்தில் குறை காண எனக்கு அதிகமில்லை. ஆனால் அது செயலாவதும் முடங்குவதும் பங்கு அலுவலக மேசையில்தான்.

ஒரு தாய் தன் குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டு அந்த மேசைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “பங்கில் பதிவு செய்திருக்கிறீர்களா? காணிக்கை உறை எண் (பதிவு செய்த குடும்பம் காணிக்கை செலுத்தும் உறைக்கான எண்) என்ன?” என்பவையே அவர் எதிர்கொள்ளும் முதல் கேள்விகள். குவாத்தமாலாவின் ஒரு சிற்றூரில் வளர்ந்தவருக்கு, பங்கைச் சேர்ந்தவராவதற்குப் படிவம் நிரப்ப வேண்டும் என்பதே விளங்காத செய்தி. குடியுரிமை ஆவணங்கள் இல்லாதவருக்கோ, முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதே அச்சம். திருச்சபைச் சட்டப்படி ஒருவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பதை அவருடைய வசிப்பிடமே பொதுவாக முடிவு செய்கிறது, உறை எண் அல்ல. (சந்தா பாக்கியைக் காட்டித் திருமணக் கடிதத்தை இழுத்தடித்த நம் ஊர்ப் பங்குகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.)

பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அமெரிக்காவில் வாழும் லத்தீன் வழி வயது வந்தோரில் கத்தோலிக்கர் 2010இல் 67 விழுக்காடாக இருந்தார்கள். 2022இல் அது 43 ஆகக் குறைந்துவிட்டது. பெந்தகோஸ்து சபைகள் ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விட்டன என்பது நம் குருக்களுக்கு வசதியான விளக்கம். ஆனால் இக்காலத்தில், பெந்தகோஸ்தினர் உள்ளிட்ட நற்செய்திச் சபையினரின் விகிதம் பெரிதாக மாறவில்லை. எந்தச் சமயத்தையும் சாராதோர்தான் 10 விழுக்காட்டிலிருந்து 30 ஆகப் பெருகியிருக்கிறார்கள். இவர்களில் இளையோரும் அமெரிக்காவிலேயே பிறந்தவர்களும் அதிகம். பள்ளியிலும் நண்பர்களோடும் ஆங்கிலம் பேசி வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு மதியத் திருப்பலி பெற்றோருடையது, காலைத் திருப்பலி வேறு யாருடையதோ. இரு மொழியும் அறிந்த இளைஞர் பணியாளர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவது, இன்னொரு ஸ்பானியத் திருப்பலியைச் சேர்ப்பதைவிட அவசரமானது என்பது என் கருத்து.

டிசம்பர் 12 அன்று விடியுமுன்னே, மெக்சிகோ மக்கள் போற்றும் குவாதலூப்பே மரியன்னையின் திருவிழாவுக்கு, ரோஜாக்களோடும் மரியாச்சி இசையோடும் கோயில் நிரம்பி வழிகிறது. சமையல், அலங்காரம், நடனம், செலவு எல்லாம் அந்த மக்களே பார்த்துக்கொள்கிறார்கள். அதைப் படமெடுத்துப் பங்கு மடலில் போடுகிறோம். இவ்வளவையும் நடத்தத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் நிதிக்குழுவில் இருக்கிறார்கள்? மண்டபச் சாவிக்காக ஒவ்வொரு முறையும் அவர்கள் ஏன் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்?

2025 ஜூலையில், குடியேற்றத் துறையின் சோதனைகளுக்கு அஞ்சுவோருக்கு ஞாயிறு திருப்பலிக் கடமையிலிருந்து கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ ஆயர் அல்பெர்த்தோ ரோஹாஸ் விலக்கு அளித்தார். மெக்சிகோவில் பிறந்த அவருக்கு அந்த அச்சம் எத்தகையது என்பதை யாரும் விளக்கத் தேவையிருந்திருக்காது. பங்குப் பேரவைகளிலும் அப்படிப்பட்டவர்கள் அமர்ந்திருந்தால், பதிவுப் படிவத்தை முன்வைத்துத் திருமுழுக்கை மறுக்கும் வழக்கம் முதல் கூட்டத்திலேயே கேள்விக்குள்ளாகியிருக்கும்.