கரெக்‌ஷனுக்கும் காசு உண்டு

வீட்டிலிருந்தே டிசைன் வேலை எடுத்துச் செய்யும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது, "அண்ணா, லோகோவுக்கு எவ்வளவு வாங்கலாம்?" என்றுதான். பக்கத்துத் தெருக்காரர் வாங்குவதில் ஐந்நூறு குறைத்துச் சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அவர் செலவு வேறு, உங்கள் செலவு வேறு. உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

மாதம் குடும்பத்துக்கு 40,000 ரூபாய், கரண்ட், இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா, கம்ப்யூட்டர் தேய்மானம் எல்லாம் சேர்த்து 10,000 என்று வைத்துக்கொள்வோம். 25 நாள், தினம் 8 மணி நேரம் உட்கார்ந்தால் 200 மணி நேரம். ஆனால் போனில் பேசுவது, கொட்டேஷன் போடுவது, பாக்கிக்கு அலைவது என்று பாதி நேரம் போய்விடும். மிச்சமுள்ள 100 மணி நேரத்தில் 50,000 வர வேண்டும். அதாவது மணிக்கு 500. சேமிப்பும் வேலை வராத மாதமும் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கு உங்களுக்கு மட்டும். வாடிக்கையாளருக்கு மொத்தத் தொகையைச் சொன்னால் போதும்.

இப்போது 20 மணி நேர வேலைக்கு 10,000 சொல்கிறீர்கள். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க, அடுத்தடுத்து வேலை வரும்" என்கிறார் வாடிக்கையாளர். 9,000க்கு ஒத்துக்கொண்டால் மணிக்கு 450. தாங்கலாம். அதே வேலை கரெக்‌ஷனில் இழுத்து 40 மணி நேரமானால் மணிக்கு 225. பேரம் பேசியவர் கேட்டது ஆயிரம்தான். மீதியை நாமே வாய் திறக்காமல் அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். எனக்கு ஆதங்கம் இதில்தான்.

கல்யாணப் பத்திரிகையையே பாருங்கள். மேட்டர் வாட்ஸ்அப்பில் யூனிகோடில், அதாவது போனில் சாதாரணமாகத் தட்டும் எழுத்தில் வரும். பிரஸ்ஸில் யூனிகோட் தமிழ் சரியாக வராத பழைய கோரல் டிரா சாஃப்ட்வேர்தான் இருக்கிறது என்றால், பாமினி மாதிரி பழைய முறை ஃபான்ட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்து, சரிபார்க்கப் புரூஃப் அனுப்பினால், "பெரியப்பா பேர் மேல வரணும், தாய்மாமன் பேர் விட்டுப்போச்சு" என்பார்கள். அவர்களுக்கு அது ஒரு பெயர். நமக்கு வரி தள்ளி, மொத்த லேஅவுட்டும் கலைகிறது. அச்சடிக்கும் பிளேட் போட்ட பிறகு சொன்னால், நாலு கலர் வேலையில் கலருக்கு ஒன்றாக நாலு பிளேட்டும் மாற்ற வேண்டி வரலாம்.

அதனால் நான் பிடிவாதமாக இருப்பது ஒரு விஷயத்தில்: நம் கையால் வந்த பிழையை எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாகத் திருத்த வேண்டும். அவர்கள் மனம் மாறியதற்கு, இரண்டு சுற்றுக்கு மேல் காசு வாங்க வேண்டும். அதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் சண்டைதான் வரும்.

தள்ளுபடி கேட்பது தப்பில்லை, நம் ஊரில் எல்லோரும் கேட்பார்கள். தொகை குறைந்தால் வேலையும் குறையட்டும். மூன்று மாதிரி காட்டுவதற்குப் பதில் ஒன்று, விசிட்டிங் கார்டு சேராது, இல்லையென்றால் ஒரு வாரம் கூடுதல் அவகாசம். அதே வேலையை அதே நாளில் ஆயிரம் குறைத்துச் செய்தால், முதலில் சொன்ன விலை சும்மா சொன்னது என்றுதானே அவர் நினைப்பார்? கோயில் கும்பாபிஷேக நோட்டீஸை இலவசமாகச் செய்கிறீர்களா, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பில்லில் முழுத் தொகையைப் போட்டு, அதைக் கழித்துக் காட்டுங்கள். வேலையின் மதிப்பு அவர்களுக்குத் தெரியட்டும்.

பாதி அட்வான்ஸ் இல்லாமல் ஃபைலையே திறக்காதீர்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், உடனே செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்பவருக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி.

அடுத்த கொட்டேஷனில் இந்த வரியையும் சேருங்கள்: "இரண்டு சுற்றுக் கரெக்‌ஷன் இதில் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக் கட்டணம். புரூஃப் ஓகே சொன்ன பிறகு வரும் மாற்றத்துக்கு அச்சுச் செலவு உங்களுடையது."