எங்கள் வீட்டு விளக்கு யாருடைய மின்சாரத்தையும் எடுக்கவில்லை

வியாழக்கிழமை இரவு எடுத்த அந்தப் படத்தைத் தெருவில் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மதுரை விளாங்குடியில் எங்கள் தெரு முழுக்க இருட்டு, எங்கள் மாடியில் மட்டும் வெளிச்சம். கீழே ஒரு வரி: "ஊரே வேகிறது, ஒரு வீட்டுக்கு மட்டும் திருவிழா." பதில் எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துக்கொண்டேன். நேற்று ஒருவர், "டிரான்ஸ்பார்மர் கருகியதற்கே இவர் வீட்டு பேட்டரிதான் காரணம்" என்று எழுதியிருக்கிறார். பதினொரு பேர் அதற்குக் கைதட்டியிருக்கிறார்கள். அந்தப் பதினொரு பேரில் ஆறு பேர் எங்கள் வீட்டில் காபி குடித்தவர்கள்.

அந்தப் பழியிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் தெருவில் இருப்பது 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர், அதாவது மிஞ்சிப்போனால் 100 கிலோவாட் தாங்கும். அதை வைத்த காலத்தில் ஏசி இருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இன்று ஏசி இல்லாத வீட்டைத்தான் எண்ண வேண்டும். இரவு ஒன்பதரைக்குச் சாப்பாடு முடிகிறது, கதவைச் சாத்துகிறோம், எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசியைப் போடுகிறோம். நாற்பது ஏசி, ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவாட் என்றால் அதுவே 60 கிலோவாட். ஃபிரிஜ், தண்ணீர் மோட்டார், கிரைண்டர் எல்லாம் அதற்கு மேல். சித்திரை வெயிலில் பகலெல்லாம் காய்ந்த டிரான்ஸ்பார்மருக்கு இரவிலும் ஆற நேரம் இல்லை. பத்து மணிக்கு அது போனது.

அந்தப் பத்து மணிக்கு எங்கள் வீடு அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஏழு மணியிலிருந்து நாங்கள் மாடியிலுள்ள சூரியப் பலகையால் நிறைந்த பேட்டரியில் இருந்தோம். பகலில் மாடியில் விழுந்த வெயில்தான் இரவில் எங்கள் விசிறியைச் சுற்றியது. டிரான்ஸ்பார்மரின் சுமையை நான் கூட்டவில்லை, குறைத்தேன். இதை இன்னும் பத்து முறை சொல்லச் சொன்னாலும் சொல்வேன். வீட்டில் பேட்டரி வைப்பது பதுக்கல் ஆகாது. தெருவின் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைக்கிற வேலை அது. எங்கள் தெருவில் இருபது வீடுகளில் அது இருந்திருந்தால் வியாழக்கிழமை யாரும் மொட்டை மாடியில் பாயைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டீர்கள்.

"எங்கள் வீட்டிலும்தான் இன்வெர்ட்டர் இருக்கிறது, இதில் என்ன பெருமை?" என்று கேட்டிருந்தார்கள். அது வேறு, இது வேறு. மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறோமே, அந்த பேட்டரி கரண்ட் இருக்கும்போது நிறைந்துகொள்ளும், போனால் வேலை செய்யும். மறுபடி கரண்ட் வந்ததும் தெருவிலுள்ள எல்லா இன்வெர்ட்டரும் ஒன்றாக உறிஞ்ச ஆரம்பிக்கும். டிரான்ஸ்பார்மருக்கு அதனால் கூடுதல் பாரம்தான். எங்கள் வீட்டில் இருப்பது பகல் வெயிலில் நிறைந்து, மாலையில் எல்லோரும் இழுக்கிற நேரத்தில் தன் வீட்டைத் தானே தாங்கிக்கொள்வது. 2012-இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது மதுரையில் கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வாங்கினோம். அன்று யாரும் யாரையும் படம் எடுக்கவில்லை.

கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. நமக்குப் பக்கத்தில்தான். மாலை ஏழு மணிக்கு அங்கிருந்து ஒரு யூனிட் கிடைக்குமா? 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் வெயில் கை கொடுக்கும், வெயில் இறங்கிய பின் கொடுப்பது யார்? மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வைகையில் ஆண்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்பது நமக்குத் தெரியும். ஓடுகிற நாளில் கண்மாயில் நிறுத்தி, வேண்டிய நாளில் மடையைத் திறந்து பிழைத்த ஊர் இது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1987-லிருந்து இதைத்தான் செய்கிறார்கள். தேவை குறைந்த நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவை கூடும்போது திறந்துவிடுகிறார்கள். 400 மெகாவாட். அரசு மலைமேல் செய்வதை நான் மாடிப்படிக்குக் கீழே சிறிதாகச் செய்திருக்கிறேன். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து மின் நிறுவனம் தானே வீடுகளுக்கு பேட்டரியை வாடகைக்குக் கொடுத்து, நெருக்கடி நேரத்தில் அவற்றிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அங்கே பேட்டரி வைத்த வீட்டைத் தன் கட்டமைப்பின் ஓர் உறுப்பாக நடத்துகிறார்கள். இங்கே தெருவுக்குத் துரோகி.

"பணம் இருக்கிறது, வைத்துக்கொண்டீர்கள்" என்பார்கள். ஆமாம், விலை அதிகம். என் பேட்டரி ஐந்து யூனிட் கொள்ளும், இன்வெர்ட்டரோடு சேர்த்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. மகள் திருமணத்துக்குப் பிறகு கையில் இருந்த சேமிப்பு அவ்வளவுதான். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் கூரைப் பலகைக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, பேட்டரிக்குத் தனியாக இல்லை. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1 முதல் வீட்டு பேட்டரியின் விலையில் ஏறத்தாழ 30 சதவீதத்தை அரசே தள்ளுபடியாகத் தரத் தொடங்கியது. அதை இங்கேயும் கேட்போம் என்று ஒருவராவது எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். தீப்பிடிக்கும் என்கிறவர்களுக்கு: இது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, வெப்பத்தை நன்றாகத் தாங்கும். சமையலறையில் சிலிண்டர் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம். இலவச யூனிட்டுகள் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கருகிய டிரான்ஸ்பார்மரிலிருந்து நூறு யூனிட்டும் வராது, ஒரு யூனிட்டும் வராது.

ஆனால் ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. "இவர் வீட்டிலிருந்து கரண்ட் கம்பியில் திரும்பிப் பாய்ந்து ஒரு வயர்மேன் செத்தால் யார் பொறுப்பு?" இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

என் அப்பா முப்பத்தொரு வருடம் வயர்மேனாக இருந்தவர். 1994 வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் வாடகை ஜெனரேட்டரை, மாற்று சுவிட்ச் எதுவும் இல்லாமல், நேராக மெயினில் கொடுத்திருந்தார்கள். அப்பா ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் கம்பத்தில் ஏறினார். செத்த கம்பி என்று நினைத்துத் தொட்டார். பெல்ட் இருந்ததால் கீழே விழவில்லை. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கியவை, இன்று வரை நிமிரவில்லை. மூன்று விரலால் சோறு பிசைகிற அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவன் நான். திரும்பிப் பாயும் கரண்ட் என்றால் என்ன என்று எனக்கா சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

தெருவில் மின்சாரம் நின்ற அந்த நொடியே இந்த இன்வெர்ட்டர் தெருக் கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் சூரியப் பலகை மட்டும் வைத்த வீட்டில் நடுப்பகலில் கரண்ட் போனால் வீடும் சேர்ந்து நின்றுபோவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். கம்பத்தில் ஏறியிருப்பவர் உயிரோடு இறங்க வேண்டும். பொருத்திய அன்று, மெயினை அணைத்துவிட்டுத் தெருப் பக்கக் கம்பியில் டெஸ்ட் விளக்கை மூன்று முறை வைத்துப் பார்த்தவர் அப்பாதான். அது எரியவில்லை. அதற்குப் பிறகுதான் பொருத்த வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

வியாழக்கிழமை எங்கள் ஏசியை அணைத்துவிட்டோம். விசிறி, விளக்கு, ஃபிரிஜ் மட்டும் ஓடின. திண்ணையில் நீட்டிய எக்ஸ்டென்ஷன் பலகையில் தெருக்காரர்களின் ஏழு செல்போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. எதிர் வீட்டு அக்காவின் இன்சுலின் எங்கள் ஃபிரிஜில் இருந்தது. மாடியை மட்டும் படம் எடுத்ததால் அதெல்லாம் விழவில்லை.

ஒரு மணிக்கு வயர்மேன்கள் வந்தார்கள். அவர்களில் இளையவர் நேராக எங்கள் வாசலுக்கு வந்து, "சார், பேட்டரி இருக்கிறதா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. அழைத்துக்கொண்டு போய் மெயினை அணைத்துக் காட்டினேன். அவரும் டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொண்டார். எழுபத்தெட்டு வயது அப்பா அதுவரை படுக்கவில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். கம்பியை மண்ணோடு இணைத்து எர்த் போட்டுவிட்டால், திரும்பிப் பாயும் கரண்ட் மண்ணுக்குள் போய்விடும். ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தவரிடம் இங்கிருந்தே கேட்டார்.

"எர்த் போட்டுவிட்டாயா, தம்பி?"

"போட்டுவிட்டேன் ஐயா."

அதன் பிறகுதான் எழுந்து உள்ளே போனார்.