பேச்சை ஓட்டிவிட்டுப் பேயைத் தேடினால்

'பாக்கெமோனோகாத்தாரி' என்ற ஜப்பானிய அனிமே தொடரை ஒருவர் விமர்சித்து நேற்று போட்ட வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. 15 எபிசோடையும் 1.5 வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன் என்று அவரே பெருமையாகச் சொல்கிறார், அப்புறம் "பேய்க் கதைன்னாங்க, சும்மா பேசிக்கிட்டே இருக்காங்க, கதையே இல்ல" என்று தீர்ப்பும் சொல்கிறார். ஐயா, இந்தத் தொடரில் பேச்சுதான் கதை. அதை ஓட்டிவிட்டு எதைப் பார்த்தீர்கள்?

பெயரிலேயே அது இருக்கிறது. பாக்கெமோனோ என்றால் பேய் பிசாசு, மோனோகாத்தாரி என்றால் கதை, நடுவில் வரும் 'மோனோ'வை இரண்டுக்கும் பொதுவாக்கி ஒட்டியிருக்கிறார் மூல நாவலை எழுதிய நிசியோ இசின். அவர் பெயரையே ஆங்கில எழுத்தில் திருப்பிப் படித்தாலும் அதே பெயர்தான் வரும், நம் விகடகவி மாதிரி. அப்படிப்பட்டவர் 2006இல் எழுதிய நாவலை 2009இல் ஷாஃப்ட் ஸ்டூடியோ எடுத்தபோது, தெருவில் வேறு ஆளே இல்லாமல், திரை முழுக்க எழுத்து மின்னி மறைய, ஒரு நாவலைப் படிக்கிற உணர்வோடு எடுத்தார்கள்.

முதல் கதையையே எடுத்துக்கொள்வோம். செஞ்சோகஹாரா என்ற பள்ளி மாணவி மாடிப்படியில் தவறி விழுகிறாள், கதாநாயகன் அராராகி தாங்கிப் பிடிக்கிறான், அவள் உடம்பில் எடையே இல்லை. வெறும் 5 கிலோ. ஒரு நண்டு அவள் எடையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஜப்பானிய மொழியில் 'ஓமோய்' என்ற ஒலிக்குக் கனம் என்றும் பொருள், மனதில் இருக்கும் நினைப்பு என்றும் பொருள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், 'மனசுல பாரம்' என்று தினமும் சொல்கிறவர்கள் நாம். அம்மா ஒரு போலி மதக் கும்பலில் சிக்கி, மகளுக்குக் கொடுமை நடக்கும்போதுகூடக் காப்பாற்ற வராமல் போன வேதனையைத்தான் அவள் நண்டிடம் கொடுத்துவிட்டு லேசாகிவிட்டாள். பேய் பிசாசு விவகாரங்களைத் தீர்த்துவைக்கிற ஓஷினோ அவளை உட்காரவைத்துப் பெயர், பிறந்த நாள், பிடித்த எழுத்தாளர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மெதுவாக அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறார். அந்தக் கேள்விகளைத்தான் 'தேவையில்லாத லாக்' என்கிறார் வீடியோக்காரர்.

என் அப்பா இறந்தபோது நானும் அவரும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் அழவில்லை, எல்லாக் காரியத்தையும் நின்று நடத்தினேன், 'தைரியமான பையன்' என்றார்கள். எனக்கும் லேசாகத்தான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து, என் பாரத்தைத் திருப்பிக் கொடு என்று செஞ்சோகஹாரா அந்த நண்டிடம் தலை தரையில் படக் கும்பிட்டு அழுகிற காட்சியில் லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

'ஆபாசம் இருக்கிறதே' என்று கேட்பீர்கள். இருக்கிறது. சில காட்சிகள் எனக்கும் பிடிக்கவில்லை, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 'புரிஞ்ச மாதிரி சீன் போடுறாங்க' என்று ரசிகர்களைச் சொன்னீர்களே, அதுதான் வலித்தது. நான் யாரிடம் சீன் போட்டேன்? பார்க்கச் சொல்லி ஒருவரையும் கட்டாயப்படுத்தியதில்லை. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படித்துத்தான் பார்த்தேன், ஒரு எபிசோடுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கிறது.

நத்தைக் கதையை நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அன்னையர் தினத்தன்று அம்மா வீட்டுக்கு வழி தெரியாமல் அலைகிற மயோய் என்ற சின்னப் பெண். செஞ்சோகஹாரா பக்கத்திலேயே இருக்கிறாள், ஆனால் ஒரு தடவைகூட அந்தக் குழந்தையிடம் நேராகப் பேசுவதில்லை. ஏன் என்று கடைசியில்தான் தெரியும், அவள் கண்ணுக்கு அந்தக் குழந்தை தெரியவே இல்லை, மயோய்தான் அந்த நத்தைப் பேய். செஞ்சோகஹாரா தனக்குத்தான் கோளாறு என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். பேச்சைக் கவனித்தவனுக்குத்தானே பேசாமல் விட்டதும் தெரியும்? அப்புறம் அந்தக் குழந்தை போய்ச் சேரும் இடத்தில் வீடே இல்லை, இடித்துப்போட்ட வெற்று மனைதான் இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு 'வந்துட்டேன்' என்கிறாள்.

எங்கள் பழைய வீட்டையும் போன மாசி மாதம்தான் இடித்தார்கள். நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.