மழை வேறு, சோறு வேறு

நேற்றைய தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். "வருடம் தவறாமல் மழை பெய்கிற நாட்டில் அரிசித் தட்டுப்பாடு என்றால், விவசாயி சோம்பேறி என்று அர்த்தம்" என்றார் அந்தப் பெரியவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஐயா, மழை வேறு, சோறு வேறு. இடையில் விதைநெல் என்று ஒன்று இருக்கிறது.

நான் இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரன். 2007 மார்ச்சில், போரில் ஷெல் விழத் தொடங்கியதும் வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது பட்டியில் ஒரு மாடு இல்லை. கட்டிவைத்த விதைநெல் மூட்டையும் இல்லை. கடனுக்கு விதை வாங்கி, இடிந்த வரம்புகளைக் கட்டி மெல்ல எழுந்தோம். 2011 ஜனவரியில், மாரிமழையை நம்பி விதைக்கிற பெரும்போகத்தின் கதிர் முற்றி நின்றபோது அடைமழை. நாட்டில் 10 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பாதித்த வெள்ளம். வடியும் என்று காத்திருந்தால் பெப்ரவரியில் மறுபடியும் வெள்ளம். அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு கதிரைப் பிடுங்கி வந்தார். ஒவ்வொரு நெல்மணியிலும் வெள்ளை முளை. அதை உண்ணவும் முடியாது, விதைக்கவும் முடியாது.

"போர் முடிந்து எவ்வளவு காலம், இன்னும் அதே பாட்டா?" என்று கீழே எழுத வருவீர்கள். போர் முடிந்து 2 வருடம்கூட ஆகாமல் வந்த வெள்ளம் அது. கையிருப்பு உள்ளவனுக்கு அது ஒரு போக நட்டம். எங்களுக்கோ, போர் கொண்டுபோன அதே மூட்டையை மழையும் கொண்டுபோனது. "மேலதிக நீரை வெளியேற்றும் குளத்து வான்கதவை முன்னரே திறந்திருக்கலாமே" என்பார் இன்னொருவர். திறந்திருக்கலாம்தான். அதன் சாவி அப்பாவின் மடியிலா இருந்தது?

2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து, நவம்பரில் தானே விலக்கிக்கொண்டதே, அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது மழை இல்லாமலா? அதற்கும் விவசாயிதான் சோம்பேறியோ! 2024 நவம்பரில் பக்கத்து அம்பாறை மாவட்ட வயல்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது இந்தப் பெரியவர் எங்கே இருந்தாரோ.

சோம்பேறி. அந்தச் சொல்தான் நேற்றிரவு முழுவதும் தூங்கவிடவில்லை. 2011 வெள்ளத்துக்குப் பிறகு நிவாரண வரிசையில் அப்பா நின்றார், ஊருக்கே நெல் அளந்தவர். முகம் தெரியாதபடி தலையில் துவாயைப் போட்டிருந்தார். வாங்கி வந்த வெள்ளையரிசியை அம்மா ஆக்கிப் போட்டார். தயிர் இல்லாமல் ஒரு பிடி இறங்காத மனிதர் அன்று தயிரைப் பற்றி வாயே திறக்கவில்லை.